திறப்புக்கு ஒரு பூட்டு

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய உரைத் தொடர் ஒன்றிலே கதவுப் பூட்டுக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். கொழும்புத்துறையிலுள்ள எங்கள் பழைய வீட்டின் தலைவாசற் கதவைச் சென்ற ஒன்றரை வருடமாகத் திருத்துவித்துக்கொண்டிருக்கிறேன். கொழும்புத்துறை என்றதும் 1964இல் சமாதியடைந்த யோகர் சுவாமிகளின் கொட்டில்தான் பலருக்கு நினைவில் வரும். எனக்கு இப்போது வருவதெல்லாம் பித்தளையும் கறளும்தான். ஆயினும் அந்த வேலையினூடே நான் சந்தித்த சொற்களும் ஒரு சங்கடமும் இலக்கியத்துக்குப் புறம்பானவை அல்ல.

முதலிற் சொற்களைப் பார்ப்போம். தமிழ்நாட்டிலே 'சாவி' என்கிறார்கள். அது போர்த்துக்கீச மொழியிலிருந்து வந்த சொல். நாங்களோ 'திறப்பு' என்கிறோம். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. 1619 முதல் 1658 வரை போர்த்துக்கீசர் நேரே ஆண்டது எங்களை. யன்னலும் கதிரையும் மேசையும் அலுமாரியும் அவர்கள் விட்டுப்போன சொற்கள். அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தரிடமிருந்து கந்தோரையும் லாச்சியையும் எடுத்துக்கொண்டோம். இத்தனையும் வாங்கியவர்கள் திறப்பை மாத்திரம் விட்டுக்கொடுக்கவில்லை. சாவி என்ற சொல்லைக் காதால் கேட்டு அதன் தொழிலை அறிய முடியாது. திறப்பு என்ற சொல் தன் தொழிலைத் தானே சொல்லிக்கொண்டு நிற்கிறது. ஆனால் எங்கள் திறப்பு கிடந்த இடம் அலுமாரிக்குள்ளே ஒரு லாச்சி. தமிழ்த் திறப்பொன்று போர்த்துக்கீசச் சொல்லுக்குள்ளே ஒல்லாந்துச் சொல்லொன்றில் எழுபது வருடம் கிடந்தது என்று மாணவர்களுக்கு நான் பகிடியாகச் சொல்வதுண்டு.

கதவுக்குரிய மற்றச் சொற்களும் கைக்கு இதமானவை. பிணைச்சல், கொண்டி, நாதாங்கி, கொளுக்கி, ஆமைப்பூட்டு. இவற்றிற் சிலவற்றை எங்கள் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள். 'குடுமி' என்ற சொல்லைப் பிராமணரின் தலையிலே மட்டும் தேடுகிறார்கள். பிணைச்சல் வருவதற்கு முந்திய கதவுகளுக்கு மேலும் கீழுமாக மரத்திலேயே இரண்டு முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை நிலையிலுள்ள குழிகளில் இருந்து சுழலும். அம்முளைகளுக்குத்தான் குடுமி என்று பெயர். எங்கள் வீட்டு அடுக்களைக் கதவு இன்றும் குடுமியிலேதான் சுழல்கிறது. கீழ்க்குழி தேய்ந்து கதவு நிலத்தில் அரைபட்டபோது, ஓடாவியார் கதவைத் தூக்கிக் குழிக்குள் ஒரு பழைய செப்புச் சதத்தைப் போட்டுவிட்டு இறக்கினார். பத்து நிமிட வேலை. கதவு முணுமுணுப்பதை நிறுத்திவிட்டது.

தலைவாசற் கதவு அவ்வளவு இலேசில் வழிக்கு வரவில்லை.

வீட்டைக் கட்டியவர் என் அப்பு. மலாயாவிலே எழுதுவினைஞராக உழைத்து, அந்தக் காசிலே 1920களில் ஊர் திரும்பி நாற்சார் வீடு கட்டிய பலருள் ஒருவர். கதவு பர்மாத் தேக்கு, இரட்டைக் கதவு. அதன் உட்புறத்தில் பெட்டிபோலப் பொருத்தப்பட்ட பித்தளைப் பூட்டொன்றைப் பினாங்கில் வாங்கிவந்து பூட்டினாராம். இங்கிலாந்திலே வில்லன்ஹால் என்றோர் ஊர் பூட்டுக்கே பேர்போனது. அவ்வூர்ப் பூட்டுக்கள் பிரித்தானியக் கப்பல் போன இடமெல்லாம் போன காலம் அது. திறப்பு என் சுண்டுவிரலிலும் சற்று நீளம். வளையம், தண்டு, மூன்று வெட்டு உள்ள பல்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி. அந்த நாளை இந்தக் குடாநாட்டிலே விளக்க வேண்டியதில்லை. இளைய நேயர்களுக்காகச் சொல்கிறேன்: வலிகாமத்தைவிட்டு எல்லாரும் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்தது. மழை. சில இலட்சம் சனம் ஓர் இரவுக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. எங்கள் வீட்டிலே அம்மா கடைசியாக வெளியே வந்தா. கதவைச் சாத்தி, திறப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, கொண்டியில் ஆமைப்பூட்டும் போட்டு, இரண்டையும் இழுத்துப் பார்த்தா. அன்றிரவு எத்தனை தாய்மார் இப்படி இழுத்துப் பார்த்திருப்பார்கள்! ஊரே காலியாகப் போகிறது; பூட்டு எந்த மட்டுக்கு நிற்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் இழுத்துப் பார்த்தார்கள்.

1996 மேயில் திரும்பி வந்தோம். கதவு நின்றது. பூட்டு இல்லை. அலவாங்கு போட்டு நெம்பிய தடம் நிலையிலே ஒரு சாண் நீளத்துக்கு ஆழமாகக் கிடந்தது. பூட்டுப்பெட்டி பித்தளை அல்லவா, அதையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யார் என்ற கேள்வியை அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. திறப்பை மட்டும் பழையபடி லாச்சிக்குள் வைத்தா. பின்னர் அக்கா கனடாவுக்குப் போனபோது அதை அவவின் கையிற் கொடுத்தா. பூட்டில்லாத திறப்பை ஏன் கொண்டுபோகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது இப்போது ஸ்காபரோவிலே இருக்கிறது.

சாதாரணமாக உலகத்திலே திறப்புத்தான் தொலையும், பூட்டு இருக்கும். பூட்டுத் திருத்துபவர்கள் பிழைப்பதே அதனால்தான். எங்கள் நாட்டிலே தலைகீழ். திறப்பு இருக்கிறது, பூட்டு இல்லை. சிலருக்குக் கதவும் இல்லை. 1990இலே வலிகாமம் வடக்கைவிட்டு வெளியேறியவர்கள் இருபது, இருபத்தைந்து வருடங்களின் பின் விடுவிக்கப்பட்ட தங்கள் காணிகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். பலருக்கு நிலையும் கதவும் யன்னலும் கூரையுமின்றிச் சுவர் மட்டும் நின்றது. சிலருக்கு அதுவும் இல்லை. பலஸ்தீனரும் 1948இலே விட்டு வந்த வீடுகளின் திறப்புக்களைப் பேரப்பிள்ளைகள் காலம் வரை வைத்திருக்கிறார்கள். பெத்லகேமுக்கு அருகே ஆயிதா அகதி முகாமின் வாசலுக்கு மேலே ஒரு பிரமாண்டமான திறப்பையே செய்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் அப்படியொன்றும் செய்யவில்லை. எங்கள் திறப்புக்கள் லாச்சிகளுக்குள்ளேயே கிடக்கின்றன.

இனி வேலைக்கு வருகிறேன். ஓடாவியார் முதல்நாள் வந்து கதவை மேலும் கீழும் பார்த்தார்.

"மாஸ்ரர், மரம் வைரம். ஒண்டும் செய்யேல்ல. உந்தப் பிணைச்சல், கொண்டி எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசாய் ஒரு செற் போடுங்கோ. ரண்டு நாள் வேலை."

"எறியாமல் திருத்தினால்?"

"அது எனக்குத் தெரியாது. உங்கடை பென்சன் காசு, உங்கடை பொறுமை."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 1996இலே திரும்பி வந்த அவதியில், கிடைத்த இரும்புத் திருகாணிகளைக்கொண்டு பித்தளைப் பிணைச்சல்களை இறுக்கியிருந்தோம். எங்கள் வீட்டுக்கும் கடனீரேரிக்கும் இடையிலே அதிக தூரமில்லை. உப்புக் காற்று. பித்தளையும் இரும்பும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டு நின்றால் மின்கலத்துக்குள் நடப்பதைப் போன்ற தாக்கம் நடக்கும், தின்னப்படுவது இரும்புதான். ஆணியைத் திருகினால் தலை மட்டும் கையோடு வந்தது. உடல் மரத்துக்குள்ளே கறளாய் நின்றது. ஒவ்வொன்றாய்த் துளைத்து எடுத்து, அந்தத் துவாரங்களுக்குத் தேக்கிலேயே முளை சீவி அடித்து, அதன்மேல் புதிதாகத் துளையிட வேண்டியிருந்தது.

பித்தளை ஆணி மெத்தென்றது. தேக்கிலே நேரே திருகினால் பாதி வழியில் முறியும். ஓடாவியார் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அதே அளவான உருக்கு ஆணியொன்றை முதலில் திருகிப் புரியை வெட்டிவிட்டு, அதைக் கழற்றிவிட்டு, மெழுகிலே தோய்த்த பித்தளை ஆணியை அந்தப் புரியிலே இறக்கினார். ஒவ்வோர் ஆணியும் இரண்டு தரம் போனது. வேலை முடியும்வரை புறுபுறுத்துக்கொண்டேயிருந்தார். ஆனால் ஒன்றைத்தானும் விட்டுவைக்கவில்லை.

வண்ணப்பூச்சு வேறு. ஒவ்வொரு கலியாணத்துக்கும் ஒவ்வொரு பூச்சு. பிணைச்சலின் உருவமே தெரியவில்லை. பழைய பூச்சுக்களிலே ஈயம் இருக்கும் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். உலர்ந்தபடி அரத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சோடு போகும். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டிலே அது நஞ்சு. சலவைச் சோடா கரைத்த நீரில் அவித்தால் பூச்சுத் தோலாகக் கழன்றுவரும். அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அதைத் தின்னும். பிறகு அந்தப் பாத்திரத்தை அடுக்களைப் பக்கம் கொண்டுபோகவும் கூடாது.

பூச்சுக் கழன்றதும் என் மருமகள் பழப்புளியோடு வந்தா, குத்துவிளக்கு மாதிரி மினுக்கித் தருகிறேன் என்று. நான் மறுத்துவிட்டேன். பித்தளை என்பது செம்பும் நாகமும் சேர்ந்த கலப்பு. புளியில் நெடுநேரம் ஊறினால் மேற்பரப்பிலிருந்து நாகம் கழன்று செம்பு மிஞ்சும், வெளிறிய சிவப்புத் தேமல் போல. அதைவிட, தொண்ணூறு வருடம் கைபட்ட இடம் மட்டும் மினுங்கி, படாத இடம் கறுத்துப்போன அந்த நிறத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பூட்டுக்குள்ளே தேங்காயெண்ணெய் விடுவதும் எங்களூர் வழக்கம். கொஞ்ச நாளிலே அது தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். பென்சிற் கரித்தூள் போதும்.

இந்த இடத்திலே நெடுநல்வாடையைச் சொல்லாமற் போக மனம் வரவில்லை. பாண்டிமாதேவியின் அரண்மனை வாசலை நக்கீரர் வருணிக்கிறார். பருத்த இரும்பாலே பிணித்து, சிவந்த அரக்குப் பூசிய இரட்டைக் கதவு. குவளைப் பூவும் பிடியானையும் செதுக்கிய உத்தரம். தாழோடு பொருந்திய மூட்டு. நெய் தடவி வெண்கடுகு அப்பிய நெடிய நிலை. இவ்வளவும் அழகு. எனக்குப் பிடித்தது வேறொன்று. கைத்தொழில் வல்ல கம்மியன் ஒருவன் முடுக்கியதால் இடைவெளி இல்லாமல் மூட்டுக்கள் பொருந்தி நின்றன என்று அந்தக் கதவுக்கு நடுவே ஒரு தொழிலாளியை அவர் நிறுத்திவிடுகிறார். தலைவனின் பாசறையையும் தலைவியின் கட்டிலையும் பற்றிப் பரீட்சைக்குப் படித்த காலத்தில் அந்த ஆளை நான் கவனித்ததில்லை. எங்கள் ஓடாவியார் வாயிலே ஆணியைக் கவ்விக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடிப் பிணைச்சலின் இடுக்கைப் பார்த்தபோதுதான் அந்தக் கம்மியனைக் கண்டுகொண்டேன்.

பிணைச்சல் முடிந்தது. பூட்டு?

யாழ்ப்பாண நகரிலே ஓர் ஒழுங்கைக்குள் பூட்டுத் திருத்தும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"மாஸ்ரர், பூட்டுக்குத் திறப்பு வெட்டச் சொல்லித்தான் சனம் வாறது. நீங்கள் திறப்புக்குப் பூட்டு வெட்டச் சொல்லுறியள்."

"ஏலாதோ அண்ணை?"

"ஏன் ஏலாது? ஆனால் ஒரு பெட்டி வேணும்."

இதை விளங்குவதற்குப் பூட்டின் வயிற்றுக்குள்ளே கொஞ்சம் போக வேண்டும். பூட்டிலே வெளியே நீளும் கட்டைக்கு நாக்கு என்று பெயர். அந்த நாக்கை அசையவிடாமல் சில பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு சிறு வில்லின் அழுத்தத்தில், மறித்துக்கொண்டிருக்கும். திறப்பின் பல்லிலுள்ள ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு தகட்டைத் தூக்குகிறது. தேவைக்குக் குறையத் தூக்கினாலும் நாக்கு அசையாது, கூடத் தூக்கினாலும் அசையாது. எல்லாத் தகடுகளும் தத்தம் சரியான உயரத்துக்கு ஒரே வேளையில் வந்தால்தான் வழி திறக்கும். 1778இலே றொபேட் பறன் என்ற ஆங்கிலேயர் கண்ட உபாயம் இது. ஆகவே தகடுகளை மாற்றினால் அதே பூட்டு வேறொரு திறப்புக்குப் பணியும். பெட்டி கிடைத்துவிட்டால் மிச்சம் அரத்தின் வேலை.

அக்காவிடம் திறப்பைத் தபாலில் அனுப்பும்படி கேட்டேன். "தம்பி, உதை நான் தபாலில போடமாட்டன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டா. கடைசியிலே சவர்க்காரக் கட்டியில் அதன் இரு பக்கத்தையும் அழுத்தி அச்செடுத்து, விடுமுறைக்கு வந்த உறவுப் பையனிடம் கொடுத்துவிட்டா. நகற்திறப்பொன்று அதிலிருந்து அராவப்பட்டது.

பெட்டி தேடி நாலு மாதம் அலைந்தேன். ஒருநாள் பழைய இரும்புக் கடையொன்றிலே, தராசுக்குப் பக்கத்தில் குவித்திருந்த பித்தளைக்குள் கிடைத்தது. அதே அச்சு, அதே அளவு. எங்கள் கதவிலே எஞ்சியிருந்த ஆணித் துவாரங்களோடு அப்படியே பொருந்தியது. கடைக்காரர் நிறைக்குத்தான் விலை சொன்னார். திறப்பு இல்லை. கோப்பாய்ப் பக்கம் இடித்த வீடொன்றிலிருந்து வந்தது என்றார்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இலே புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அது அந்தத் தொழிலாளருக்குப் பெருமை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலே, இடித்த செட்டிநாட்டு வீடுகளின் நிலையும் கதவும் குமிழும் கடைகடையாக விற்பனைக்கு நிற்கின்றன. அந்தக் கதவுகள் விடுதிகளிலே போய் மேசையாகவும் சுவர் அலங்காரமாகவும் படுத்துக்கொள்கின்றன. அவற்றை வாங்குபவர்களில் எனக்குக் கோபமில்லை. அடுப்புக்குப் போவதிலும் அது மேல். ஆனால் அந்தப் பித்தளைப் பெட்டியைக் கையிலே எடுத்துக்கொண்டு சைக்கிளில் வரும்போது என் மனம் வேறு மாதிரி இருந்தது. என் அக்காவிடம் பூட்டில்லாத ஒரு திறப்பு இருக்கிறது. இந்தப் பூட்டின் திறப்பு யாரிடம் இருக்கிறது? அவரும் எங்கேயாவது ஒரு லாச்சிக்குள் வைத்திருப்பாரல்லவா? இலண்டனிலோ ஒஸ்லோவிலோ, அல்லது இங்கே பக்கத்திலே நீர்வேலியிலோ? இதன் தகடுகளை அராவி எங்கள் திறப்புக்குப் பணியவைத்தால், அந்தத் திறப்புக்கு உலகத்திலே பூட்டு என்று ஒன்று இனி இல்லை. வீடு இடிபட்டதாலே முக்கால்வாசி நடந்து முடிந்த காரியம் அது. மிச்சக் கால்வாசியை நான் செய்வதா?

பூட்டுத் திருத்துபவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பூட்டைத் திறந்து, மூன்று தகடுகளையும் வெளியே எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இதுகளைத் தொடாமல் விடுவம்" என்றார். புதிய பித்தளைத் தகட்டிலே மூன்றையும் புதிதாக வெட்டினார். அதற்குக் கூலி இரண்டு மடங்கு. பேரம் பேசவில்லை.

வேலை இலகுவாய் இருக்கவில்லை. வேதாரணியம் எங்கள் கரைக்கு எதிர்க்கரைதானே. அந்த மறைக்காட்டுக் கதவின் கதை நேயர்கள் அறிந்தது. பூட்டிக் கிடந்த கதவைத் திறக்க அப்பர் ஒரு பதிகமே பாட வேண்டியிருந்தது. அதை அடைக்கச் சம்பந்தருக்கு ஒரு பாட்டுப் போதுமாயிருந்தது. எங்கள் பூட்டும் அப்படித்தான். பூட்டுவதற்கு முதல்நாளே இணங்கிவிட்டது. திறப்பதற்குப் பதினொரு நாள் எடுத்தது. மைபூசிய நகற்திறப்பைச் சுற்றுவார், எந்தத் தகட்டில் எங்கே மை படுகிறது என்று பார்ப்பார், அரத்தாலே இரண்டு இழு, மறுபடி சுற்றுவார். மூன்றாவது தகட்டை மாத்திரம் ஒரு மயிரளவு கூடுதலாக விட்டு நிறுத்தினார். "சவர்க்கார அச்சை நம்பேலாது. அக்கா வரேக்க அசல் திறப்பைக் கொண்டு வரட்டும். அராவிக் குறைக்கலாம், கூட்டேலாது." ஆகவே நகற்திறப்பு இப்போது கொஞ்சம் தயக்கத்தோடுதான் சுற்றுகிறது.

நிலையிலுள்ள அலவாங்குத் தடத்தைப் பற்றி ஓடாவியாருக்கும் எனக்கும் ஒரு வாதம் நடந்தது. அதை முழுதாய் வெட்டி எடுத்துப் புதுத் துண்டு பொருத்தி, தடமே தெரியாமற் செய்துதர அவர் ஆயத்தம். இங்கிலாந்திலே வில்லியம் மொறிஸ் 1877இலே ஒரு சங்கம் தொடங்கினார். பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கலாம், ஆனால் அதன்மேல் பட்ட காலத்தை அழித்துப் புதிதுபோலாக்கக் கூடாது என்பது அதன் கொள்கை. அந்த மொறிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே எங்கள் ஆனந்த குமாரசுவாமி 1908இலே மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் பெரிய நூலை அச்சிட்டார். மரவேலையையும் இரும்பு, பித்தளை வேலையையும் பற்றி அதிலே விரிவாக எழுதினார். இதையெல்லாம் ஓடாவியாருக்குச் சொன்னேன். அவர் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "நாக்குப் போய் விழுற இடத்தில எண்டாலும் துண்டு வைக்கவேணும் மாஸ்ரர், இல்லாட்டிப் பூட்டு நிக்காது" என்றார். அது நியாயம். நாக்கு விழும் இடத்தில் நாலு அங்குலத்துக்கு மட்டும் தேக்குத் துண்டு பொருத்தினோம். அதற்குக் கீழே தடம் அப்படியே இருக்கிறது. வருபவர்கள் கேட்டால் சொல்கிறோம்.

அந்தப் பழைய தகடுகள் மூன்றும் ஒரு தகரப் பெட்டிக்குள், எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, எங்கள் லாச்சிக்குள் இருக்கின்றன. பூட்டை வாங்கிய திகதியையும் இடத்தையும் ஒரு துண்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அவற்றை மறுபடி பூட்டுக்குள் போடுவதற்கு அரைமணி நேரம் போதும் என்று பூட்டுத் திருத்துபவர் சொல்கிறார். கோப்பாய்ப் பக்கம் இடிபட்ட பழைய வீடொன்றின் தலைவாசல் திறப்பு, தண்டு தடித்த பித்தளைத் திறப்பு, பல்லிலே மூன்று வெட்டு, நடுவெட்டு மற்ற இரண்டிலும் ஆழமானது. அப்படி ஒன்று இந்த உரையைக் கேட்கும் யாரிடமாவது இருந்தால், அல்லது வைத்திருப்பவரை யாராவது அறிந்தால், இந்த நிகழ்ச்சிக்கு ஒரு கடிதம் போடுங்கள். கதவு கொழும்புத்துறையில் இருக்கிறது. பகலிலே எந்நேரமும் வரலாம்.